மலைக்கு முன்னால் ஒரு மலை

பத்து வயதில் நான் ஒரு மலைக்குள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூங்கிலும் கோணியும் வைத்துக் கட்டிய மலை அது. எங்கள் ஊரில் நிஜ மலை இருக்கிறது. எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் அதுதான் கண்ணில் படும். அப்படிப்பட்ட ஊரில், அந்த மலைக்கு நேர் முன்னால், அதே சாயலில் இன்னொன்றை என் அத்தை கட்டினார். கட்டியதோடு நிற்காமல் அதை இரண்டாகப் பிளக்கவும் ஏற்பாடு செய்தார். பிளந்த மலைக்குள்ளிருந்து ஒரு செங்காந்தள் பூ எழும்பி விரிய வேண்டும். அந்தப் பூவுக்குள்ளிருந்து தலையில் கிரீடமும் கையில் ஜோதியுமாக எழுந்து நிற்க வேண்டியவள் நான்.

இதை இன்று அலுவலகத்தில் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். சிரித்து முடித்த பிறகு, அது வெறும் வேடிக்கை இல்லை என்று அவர்களுக்கு விளக்கத்தான் தெரியவில்லை.

அத்தை அப்பாவுக்கு அக்கா. அரசு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். உயரமாக, ஒல்லியாக இருப்பார். பேச்சு கம்மி. எதைச் சொன்னாலும் ஒரே முகத்தோடு சொல்வார் என்பதால், அவர் சொல்வது வேடிக்கையா நிஜமா என்று கண்டுபிடிக்க முடியாது. ஊரில் எந்தப் பெரிய விழா என்றாலும் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். கொசு ஒழிப்பு ஊர்வலத்துக்கு ஆட்டோவைவிடப் பெரிய ஒரு கொசு செய்தார். ஆறு கால்களையும் தனித்தனியாக ஆட்டிக்கொண்டு அது பெரிய தெருவில் நடந்துபோனது. தேர்தல் விழிப்புணர்வுக்கு ஒரு ஆள் உயரத்தில், நகத்தில் மை வைத்த விரல் ஒன்று செய்தார். அந்த விரலோடு நின்று படம் எடுத்துக்கொள்ளக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

அந்த வருடம் மாநில அளவிலான பள்ளி விளையாட்டுப் போட்டிகளை எங்கள் ஊரில் நடத்துவதாக முடிவாகியிருந்தது. எல்லா மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். தொடக்க விழாவை யாரிடம் ஒப்படைப்பது என்று விழாக் குழு அதிகம் யோசிக்கவில்லை. அத்தையும் அதிகம் யோசிக்கவில்லை. மறுநாளே அடி அண்ணாமலையில் வெல்டிங் கடை வைத்திருந்தவரைக் கூப்பிட்டு, மலை திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பூவுக்குள் நிற்க என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு உறவு காரணமில்லை. மெக்கானிக் கடைகளில் இன்ஜினைத் தூக்குகிற செயின் பிளாக்கை வைத்து, பூவோடு சேர்த்துப் பிள்ளையையும் மேலே ஏற்றுவது திட்டம். அதற்கு எடை குறைந்த பிள்ளை வேண்டும். அத்தை ஏழெட்டுப் பிள்ளைகளைப் பழைய பேப்பர் கடைக்கு அழைத்துப்போய் ஒவ்வொருவராகத் தராசில் உட்காரவைத்து நிறுத்தார். நான் ஜெயித்தேன். வாழ்க்கையில் எதிலாவது முதலாவதாக வந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சித்தப்பா லீவில் வந்தார். வீட்டில் அவர்தான் கடைக்குட்டி. சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, ஒரு விளம்பரக் கம்பெனியில் படம் வரைந்துகொண்டிருந்தார். கறுப்புச் சட்டையைத் தவிர வேறு எதையும் போடமாட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்ததும் அவர் முகம் லேசாகச் சுருங்கும். மற்றபடி தங்கமான மனிதர். என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டுதான் எங்கும் போவார். அன்று மைதானத்துக்கும் அப்படித்தான் போனோம்.

மைதானத்தின் நடுவில் மூங்கில் சட்டம் எழும்பியிருந்தது. பாதி உயரத்துக்குக் கோணி போர்த்தி, அதன்மேல் பச்சையும் காவியும் அடித்திருந்தார்கள். அத்தை பெயிண்ட் டப்பாவோடு ஏணியில் நின்றிருந்தார். சித்தப்பா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

“என்னக்கா இது?”

“மலை.”

“அதான் பின்னாடியே ஒண்ணு நிக்குதே.”

அத்தை திரும்பி நிஜ மலையைப் பார்த்தார், அது இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று சரிபார்ப்பவர்போல. “அது தொறக்காது” என்றார்.

“சரி, இது தொறக்குது. அப்புறம்?”

“பூ வரும்.”

“பூவுல?”

“உன் தோள்ல உக்காந்திருக்காளே, அவ வருவா. கையில ஜோதி இருக்கும்.”

“அப்புறம் புறா பறக்கும், கலர் புகை வரும். அதானே?”

“புகை முன்னாடி. புறா கடைசியில.”

“யானை ஒண்ணுதான் கம்மி.”

“கேட்டேன். பர்மிஷன் கிடைக்கல” என்று சொல்லிவிட்டு அத்தை மறுபடி பெயிண்ட் அடிக்கத் தொடங்கினார்.

சித்தப்பா வெல்டிங் கடைக்காரரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “நெசமாவே கேட்டாங்க சார்” என்றார்.

அத்தை இறங்கி வரும்வரை காத்திருந்து, சித்தப்பா தன் யோசனையைச் சொன்னார். அதை அவர் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். மைதானத்தில் எதுவுமே வேண்டாம். பாட்டு வேண்டாம், மைக் வேண்டாம். எல்லோரும் அமைதியாக இருக்கும்போது ஒரே ஒரு பிள்ளை, பள்ளிச் சீருடையில், கையில் விளக்கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் நடந்துபோக வேண்டும். பின்னால் நிஜ மலை. அவ்வளவுதான். சொல்லும்போதே அவர் குரல் தணிந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அந்தத் திட்டத்தில் கிரீடம் கிடையாது என்பது எனக்குப் புரிந்துவிட்டதுதான் காரணம்.

அத்தை முழுதாகக் கேட்டார். “நல்லாருக்கு” என்றார். “உன் கல்யாணத்துக்கு அந்த மாதிரி பண்ணலாம்.”

“வெளாட்டுக்குச் சொல்லலக்கா. இது ஒரே ஜிகினாவா இருக்கு. பாக்கறவன் சிரிப்பான்.”

“பெரிய ரிஷபம் வீதியில வருதே, அதோட கண்ணைப் பாத்து என்னைக்காவது சிரிச்சிருக்கியா?”

தீபத் திருவிழாவில் வருகிற வெள்ளி ரிஷப வாகனத்தைத்தான் அத்தை சொன்னார். சாதாரண மாட்டைவிடப் பல மடங்கு பெரியது. முழித்துப் பார்க்கிற கண்கள் அதற்கு. சித்தப்பா சிறுவயதில் அதைப் பார்த்துப் பயந்து அத்தையின் புடவைக்குள் ஒளிந்துகொண்டதை அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார்.

“அது வேறக்கா. அது சாமி.”

“செஞ்சவன் ஆசாரிதானே” என்றார் அத்தை. அதோடு பேச்சு முடிந்தது.

அன்று சாப்பிடும்போது சித்தப்பா எங்களுக்கு அந்த விழாவை நடித்துக் காட்டினார். சாதக் குண்டானை மலையாக வைத்து, அதற்குள்ளிருந்து கரண்டி எழும்பி வந்து உலகத்துக்கு ஆசி வழங்கியது. அப்பா புரை ஏறும் வரை சிரித்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கரண்டி நான்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா நடிப்பை நிறுத்தினார்.

“அசிங்கமா இருக்குமா சித்தப்பா?” என்று கேட்டேன்.

“அசிங்கம்லாம் இல்லடா கண்ணு. கொஞ்சம் ஓவரு” என்றவர், அப்பா பக்கம் திரும்பி, “எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியலண்ணா. அக்கா இதெல்லாம் தெரிஞ்சே பண்றாளா, தெரியாம பண்றாளா?” என்றார்.

அப்பா கரண்டியை வாங்கிச் சோறு போட்டுக்கொண்டார். நான் படுத்துக்கொண்டு அதையே யோசித்தேன். தெரிந்தே செய்கிறார் என்றால் அத்தை ஊரை ஏமாற்றுகிறார். தெரியாமல் செய்கிறார் என்றால் அத்தைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டில் எது பரவாயில்லை என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. எப்படியிருந்தாலும் கிரீடம் எனக்குத்தான் என்ற நினைப்பில் தூங்கிப்போனேன்.

விழாவுக்கு முந்தின நாள் சாயந்திரம் நல்ல மழை. காலையில் மைதானத்தில் கால் வைத்தால் செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. அம்மா மைதானத்து அறையில் வைத்து எனக்கு அலங்காரம் செய்தாள். இளஞ்சிவப்புப் பட்டுப் பாவாடை, பொன் காகிதம் ஒட்டிய கிரீடம், கன்னம் முழுக்க ஜிகினா. கையில் கொடுத்த ஜோதி, பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி ஒன்று கீழிருந்து ஊத, ஆரஞ்சுத் துணி படபடக்கிற மாதிரி செய்தது. அத்தை வந்து பார்த்துவிட்டு, “கன்னத்துல இன்னும் ஜாஸ்தி போடு” என்றார்.

“போதும் அண்ணி. புள்ள மூஞ்சியே தெரியல.”

“இங்க நின்னு பாக்காத. கேலரி கடைசிப் படியில போய் நின்னு பாரு.”

அம்மா நிஜமாகவே போனாள். சேற்றில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து, அத்தனை படிகளும் ஏறி, கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள். திரும்பி வந்து ஜிகினா டப்பாவைத் திறந்தாள்.

மலையின் ஒவ்வொரு பாதிக்கும் அடியில் தள்ளுவண்டிச் சக்கரங்கள் வைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு பாதியை வெல்டிங் கடைக்காரரும் மறு பாதியை அவருடைய மச்சானும் தள்ள வேண்டும். அன்று பார்த்து மச்சான் காலில் ஆணி ஏறிவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் அத்தை சுற்றும் முற்றும் பார்த்தார். சித்தப்பா சென்னை நண்பர்களிடம் காட்டுவதற்காகச் செல்போனில் வீடியோ எடுக்க வந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

“வாடா” என்றார் அத்தை.

“எங்க?”

“மலைக்குள்ள.”

அக்கா கூப்பிட்டு அவர் எதற்கும் மறுத்ததில்லை. செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்து உள்ளே வந்தார்.

முக்கிய விருந்தினர் வருவதற்குத் தாமதமானது. நாங்கள் மூவரும், ஒரு கூடைப் புறாவும் உள்ளே காத்திருந்தோம். பெயிண்ட் வாசனையும் ஈரக் கோணி வாசனையும் மூச்சை அடைத்தன. வெளியே பாறையும் பச்சையுமாக இருந்த மலை, உள்ளேயிருந்து பார்த்தால் வெறும் சாக்கு. வேர்க்கடலை மண்டிகளின் முத்திரைகள் தலைகீழாகத் தெரிந்தன. எனக்கு ஒண்ணுக்கு வந்தது. சொன்னால் பூவிலிருந்து இறக்கிவிடுவார்களோ என்று சொல்லவில்லை.

“பயமா இருக்கா?” என்று சித்தப்பா கேட்டார்.

“இல்ல. உங்களுக்கு?”

“எனக்கு என்ன பயம்” என்றபடி அவர் மூங்கிலைப் பிடிக்கப் போய், சட்டென்று கையை எடுத்துப் பார்த்தார். நான் கை வைக்கிற இடங்களில் எல்லாம், மூங்கில் சிராய் குத்திவிடாமல் இருக்க, பழைய புடவையைக் கிழித்து மெத்தென்று சுற்றித் தைத்திருந்தது. கையால் போட்ட தையல். நெருக்கமாக, ஒழுங்காக இருந்தது. வெளியிலிருந்து பார்க்கிற ஒருவருக்கும் அது தெரியப்போவதில்லை. சித்தப்பா அந்தத் துணியை விரலால் தடவினார்.

“அக்காவோட புடவை” என்றார். “நான் காலேஜ் சேர்றப்ப இதைக் கட்டிக்கினுதான் கூட வந்தா.”

வெளியே ஒலிபெருக்கி முழங்கியது. நாதஸ்வரமும் டிரம்ஸும் சேர்ந்த ஒரு இசை. புகை போடுவது கோணியின் ஓட்டை வழியே எங்களுக்கும் தெரிந்தது. அதில் பாதி உள்ளேயே வந்து எல்லோரும் இருமினோம். விசில் சத்தம் கேட்டது. அதுதான் அடையாளம்.

வெல்டிங் கடைக்காரர் தன் பக்கத்தைத் தள்ளினார். அது கரகரவென்று நகர்ந்தது. நடுவில் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்து அகன்றது. சித்தப்பா தன் பக்கத்தைத் தள்ளினார். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். சக்கரம் சேற்றில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியதுதான் மிச்சம். மலை பாதி திறந்து நின்றது. உள்ளே மொட்டாக மூடியிருந்த பூவின் ஒரு பக்கமும், அதற்குள் என் ஒரு கையும் மட்டும் வெளியே தெரிந்தன.

இசை ஓடிக்கொண்டே இருந்தது. கேலரியில் முதலில் ஓர் இடத்தில் சிரிப்புக் கிளம்பியது. பிறகு இன்னோர் இடத்தில். கொஞ்ச நேரத்தில் அது பரவி, மேலேயிருந்து எங்கள்மேல் கொட்டுகிற மாதிரி இருந்தது. நான் ஜோதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். துணி படபடத்துக்கொண்டே இருந்தது.

சித்தப்பா அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு செருப்பை உதறிவிட்டு, இடைவெளி வழியாக வெளியே போனார். அத்தனை பேர் முன்னால், கறுப்புச் சட்டையோடு, சேற்றில் குனிந்து, மலையின் அடிமூங்கிலைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். கால் வழுக்கி முழங்கால் சேற்றில் பட்டது. எழுந்தார். மறுபடி இழுத்தார். சிரிப்பு இன்னும் அதிகமானது.

அப்போது கேலரியின் மேல் படிகளிலிருந்து, கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து, யாரோ ஒரு பிள்ளை நீட்டி முழக்கியது: “அண்ணாமலையாருக்கு.”

“அரோகரா” என்று பத்துக் குரல்கள்.

தேர் இழுக்கும்போது எங்கள் ஊர் எழுப்புகிற சத்தம் அது. இந்த ஊரில் பெரிதாக ஒன்று நகராமல் நின்று, அதை ஒருவர் இழுத்தால், வாயில் தானாக வருவது அதுதான். அடுத்த தடவை பாதிக் கேலரி சொன்னது. மூன்றாவது தடவை கேலரி மொத்தமும் சொன்னது. வேறு மாவட்டங்களிலிருந்து வந்து அணிவகுத்து நின்றிருந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலேயே அவர்களில் நாலைந்து பேர் வரிசையை விட்டு ஓடிவந்து மூங்கிலில் கை வைத்தார்கள். பின்னாலேயே இன்னும் பத்துப் பேர். வெள்ளைக் காலுறை எல்லாம் சேறு. பந்தோபஸ்துக்கு நின்ற ஒரு பெண் போலீஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து தோள் கொடுத்தார்.

மலை நகர்ந்தது.

செயின் சத்தத்தோடு நான் மேலே போனேன். ஆறு இதழ்களில் ஐந்து விரிந்தன. ஆறாவது ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் யோசித்துவிட்டு விரிந்தது. கூடையைத் திறந்ததும் புறாக்கள் பறந்தன, ஒன்றைத் தவிர. அது என் கிரீடத்தில் உட்கார்ந்துகொண்டது. சொல்லிக்கொடுத்தபடி நான் ஜோதியை உயர்த்தினேன்.

வெளியிலிருந்து அது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கு எதிரே இருந்த முகங்கள்தான். கேலரி முழுக்க வாய் திறந்திருந்தது. கடைசிப் படியில் ஒரு அம்மா கைக்குழந்தையை இரண்டு கையாலும் தூக்கி என் பக்கம் காட்டிக்கொண்டிருந்தாள், சாமி வரும்போது காட்டுவதுபோல. சேற்றில் நின்ற பிள்ளைகள் யாரென்று பார்க்காமல் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். மேடையில் விருந்தினர்கள் எழுந்து நின்றார்கள். அதற்கு முன்னும் பின்னும் என்னைப் பார்த்து யாரும் அப்படி எழுந்து நின்றதில்லை. எங்களுக்குப் பின்னால் நிஜ மலை இருந்திருக்கும். அன்று அதை யாரும் பார்க்கவில்லை.

சித்தப்பாவும் பார்க்கவில்லை. சேற்றில் உட்கார்ந்தபடி, கழுத்தை வளைத்து, ஜிகினா பூசிய என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்க வந்த வீடியோவை அவர் எடுக்கவே இல்லை.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது, வெல்டிங் கடைக்காரர் சித்தப்பாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

“விடியறப்பவே டீச்சர்கிட்ட கேட்டேன் சார், சக்கரத்துக்கு அடியில பலகை போட்றலாமான்னு. வேணாம்னுட்டாங்க.”

சித்தப்பா அப்படியே நின்றார். மேடைக்குப் பக்கத்தில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்த அத்தையிடம் நேராகப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“மாட்டிக்கும்னு தெரிஞ்சேதான் பலகை வேணாம்னு சொன்னியா?”

“பலகை வெள்ளையாத் தெரியும்டா. பச்சைக்கு நடுவுல அசிங்கமா இருக்கும்.”

“அதுக்காகத்தானா?”

“வேற எதுக்கு?” என்றார் அத்தை. முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அதுவரை எண்ணிய நாற்காலிகளையே மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். எண்ணிக்கை தப்பிவிட்டது என்று நினைத்தேன்.

சேற்றைக் கழுவிக்கொண்டு போகச் சொல்லி அத்தை எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். எனக்குச் சோறு போட்டார். சித்தப்பா குளித்துவிட்டு வந்து, உடுத்துவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று மர அலமாரியைத் திறந்தார். துணிகளுக்கு அடியில் ஒரு அட்டை உறை இருந்தது. தாத்தாவின் பழைய வேட்டி ஒன்றை எடுக்கும்போது அது சரிந்து, உள்ளேயிருந்த தாள்கள் தரையில் பரவின.

எல்லாம் பென்சில் படங்கள். எல்லாம் மலைதான். ஒன்றில்கூடக் கலர் கிடையாது. சில தாள்களில் நாலைந்து கோடுகள் இருந்தன. ஒரு தாளில் ஒரே ஒரு கோடு. இடது பக்கம் தரையிலிருந்து புறப்பட்டு, மெல்ல ஏறி, உச்சியில் லேசாகத் தயங்கி, வலது பக்கம் இறங்கி, தாள் முடிகிற இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. மரம் இல்லை, கோயில் இல்லை, மேகம் இல்லை. அத்தை பாதியில் விட்டுவிட்ட படங்கள் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

சித்தப்பா அந்த ஒற்றைக் கோட்டுப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஈர உடம்போடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“யார் போட்டதுக்கா இது?”

“நான்தான். எப்பவாவது போடுவேன்.”

“யார்கிட்டயும் காட்டலையே.”

“காட்றதுக்குப் போடல.”

சித்தப்பா படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்கு எதுவும் பிடிக்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காலண்டரையே சகிக்க முடியாத மனிதர் இந்தப் பாதிப் படத்தை என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. காலையில் அத்தனை பெரிய வெற்றி அடைந்த அத்தை, சாயந்திரம் வீட்டுக்குள் அவமானப்படக் கூடாது. நான் முந்திக்கொண்டேன்.

“அத்தை, இதுக்குக் கலர் அடிச்சா நல்லா இருக்கும்.”

அத்தை என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். “ஆமால்ல” என்றார். எழுந்துபோய் மெழுகுக் கலர் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சித்தப்பா தாளைக் கொடுக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டார்.

“அக்கா, வேணாம். வேற தாள் குடு அவளுக்கு.”

“குட்றா” என்றார் அத்தை.

அந்தக் கோட்டுக்குக் கீழே முழுக்கப் பச்சை அடித்தேன். மேலே நீலம். இரண்டு பக்கமும் தென்னை மரம், மூலையில் கதிர்களோடு சூரியன். உச்சியில் ஒரு பெரிய செங்காந்தள். அதைச் சுற்றிப் புறாக்கள், எண்ணி ஒன்பது. மீதி இருந்த இடத்தில் கன்னத்திலிருந்து ஜிகினாவைச் சுரண்டித் தூவினேன்.

அத்தை தாளை இரண்டு கையாலும் வாங்கி, கையை முழுக்க நீட்டி, தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

“இப்பதான்டி நல்லாருக்கு” என்று சொல்லி, எழுந்து, சுவரில் ஆணி தேடினார்.

சித்தப்பா அத்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போய், வெகுநேரம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு விளங்கவில்லை. ஓவியக் கல்லூரியில் படித்தவர் அவர். படிக்காத நான் இத்தனை சுலபமாக அந்தப் படத்தை முடித்துக் கொடுத்துவிட்டேன். கொஞ்சம் பொறாமை இருக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.